ஆறிய வண்டியின் அழுத்தம்

ஜன. 28, புதன்

காலை 7.00. பனி. மலை தெரியவில்லை. பாபுவின் காரை ஸ்டார்ட் செய்தேன். ஐந்து நிமிடம். ஆயில் பிரஷர் 5.2. போன வாரமும் 5.2. திருப்தி.

7.10. பெங்களூரிலிருந்து பாபு.

“அப்பா, எவ்ளோ?”

“அஞ்சு ரெண்டு.”

“சூப்பர். லீக் ஏதாச்சும்?”

“இல்லப்பா.”

“சரி, வெச்சிடறேன்.”

ஒரு நிமிடம் இருபது விநாடி.

வண்டி இங்கே வந்து பத்து வாரம். அவன் அபார்ட்மெண்டில் சைலன்ஸர் சத்தம் என்று புகார். இங்கே வேங்கிக்காலில் புகார் இல்லை, கிண்டல்தான். எதிர்வீட்டு கலெக்டர் ஆபீஸ்காரர்: “என்ன சார், ரேஸுக்குக் கிளம்பிட்டீங்களா?” புதனும் ஞாயிறும் ஸ்டார்ட் செய்து பாபுவுக்கு அளவு சொல்வது என் வேலை. முன்பெல்லாம் மாதம் ஒரு போன். இப்போது வாரம் இரண்டு.

பிப்ரவரி 8ஆம் தேதி சென்னைப் பக்கம் ரேஸ் ட்ராக்கில் ஓட்டப் பதிவு செய்திருக்கிறான். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை வாய் வரவில்லை.

வாங்க: சீரகம், சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி.

ஜன. 30, வெள்ளி

மதியம் வேலை இல்லை. ஆயில் கூலர் பற்றிப் போனில் படித்தேன். பாபு வெளியில் வாங்கி மாட்டியது, பம்பருக்குப் பின்னால், சின்ன ரேடியேட்டர் போல. என்ஜின் எண்ணெய் குழாய் வழியாக அங்கே போய் ஆறித் திரும்புகிறது. ஆறிய எண்ணெய் கெட்டி. பிரஷர் நிற்கும். அதுவரை நல்லது. ஆனால் கூலரும் குழாயும் வழியில் ஒரு தடை. கடந்து வர அழுத்தம் செலவாகும். முப்பத்தொரு வருஷம் பாலிடெக்னிக்கில் இதே படத்தைப் போர்டில் வரைந்தேன்.

பிறகு தோன்றியது: நான் பார்த்ததெல்லாம் ஆறிய வண்டி. பனிக்காலக் காலை, ஐந்து நிமிடம். எண்ணெய் சூடே ஆகியிருக்காது. அந்த நிலையில் கெட்டுப்போன என்ஜினும் ஐந்து காட்டும். நோட்டில் இருபது அளவு. ஒன்றும் உதவாது.

பாபுவிடம் சொல்லலாமா? கையில் இருப்பது சந்தேகம் மட்டும். வேண்டாம் என்றவர் காரணம் தேடுகிறார் என்பான். அது உண்மையாகவும் இருக்கலாம்.

பிப். 1, ஞாயிறு

காலை அளவு 5.2. போனில் அதையே சொன்னேன். கோழை.

மாலை துணிந்து வண்டியை எடுத்தேன். கீழ்பென்னாத்தூர் வரை போய்த் திரும்பினால் எண்ணெய் நன்றாகச் சூடாகும் என்று கணக்கு. நான் கார் ஓட்டி நான்கு வருஷம். நாற்பதைத் தாண்டவில்லை. டிவிஎஸ்ஸில் ஒருவர், மனைவியும் நெல் மூட்டையுமாக என்னை முந்திப் போனார்.

திரும்பும்போதுதான் உறைத்தது. பௌர்ணமி. இந்த ஊரில் இருந்துகொண்டு பௌர்ணமியை மறந்தேன். கிரிவலக் கூட்டம், ரோடு அடைப்பு, ஐம்பது நிமிடம் நகர்ந்து நகர்ந்து. டாஷ்போர்டில் பாபு பொருத்திய மீட்டர் 2.0. மோசமில்லை. ஆனால் கீழே கம்பெனி வைத்த சிவப்பு ஆயில் லைட் மினுக்கியது. “அதைக் கண்டுக்காதீங்க, சுவிட்ச் பழசு” என்று பாபு சொல்லியிருக்கிறான். இரண்டில் ஒன்று பொய். பயத்தில் நடுரோட்டில் ஆஃப் செய்துவிட்டேன்.

போலீஸ்காரர்: “யோவ் பெருசு! சாமி கும்பிட வந்தியா, ஷோ காட்ட வந்தியா?”

நடந்து போன ஒரு அம்மா: “விடுங்க சார், புள்ளையோட வண்டி போல. மூஞ்சப் பாத்தாலே தெரியுதே.”

நான்கு பேர் தள்ளி பெட்ரோல் பங்க்கில் விட்டார்கள். வீடு வரை நடை. அத்தனை கூட்டத்தில் செருப்போடு நடந்தது நான் மட்டும்.

பிப். 2, திங்கள்

மெக்கானிக் இஸ்மாயில் பாய் பங்க்குக்கு வந்தார். ஆறிய வண்டி, லைட் இல்லை. மெதுவாகத் தன் ஷெட்டுக்கு ஓட்டிப்போனார். சிவப்பு லைட்டின் சுவிட்சைக் கழற்றி, என்ஜினில் அதே துளையில் தன் மீட்டரை மாட்டினார். சுவிட்சை வேறு வண்டியில் போட்டுப் பார்த்தார். நல்ல சுவிட்ச்.

என்ஜின் சூடான பின், வண்டி நகராமல் ஐடிலிங்கில்:
பாபு மீட்டர் 2.0
பாய் மீட்டர் 0.5

“உங்க மீட்டர் கூலருக்கு முன்னாடி எடுக்குது சார். அங்க ஜாஸ்தியாதான் காட்டும். பின்னாடி என்ஜினுக்குப் போய்ச் சேர்றது ரொம்பக் கம்மி. குழாயே ஒல்லி, பம்பர்கிட்ட மடங்கி வேற கெடக்குது பாருங்க.”

“ட்ராக்ல ஓட்டினா?”

“மூணு ரவுண்டு தாங்கலாம். அப்புறம் பேரிங் போயிடும். அந்த ஸ்பீடுல என்ஜின் இறுகிப் புடிச்சி வீலு நின்னுச்சுன்னா...” டீ சொன்னார்.

சரியான குழாய் சென்னையிலிருந்து வரவேண்டும். பத்து நாளாகும். நான் கேட்டதால் லைட்டைத் திரும்ப இணைத்து, தன் மீட்டரையும் கூடவே விட்டுவைத்தார். அதன் டியூபை பானட் இடுக்கு வழியாக எடுத்து மீட்டரை முன்கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டினார். மெதுவாக ஓட்டிவந்து வீட்டில் விட்டார்.

பிப். 3, செவ்வாய்

நம்பரைப் போட்டுப் போட்டு நான்கு முறை கட் செய்தேன். ஐந்தாவது முறை எடுத்துவிட்டான். ரெண்டு மீட்டர் விஷயத்தையும் சொன்னேன்.

“அப்பா, நீங்க முதல்லேர்ந்தே வேணாம்னுதான சொல்றீங்க.”

“ஆமா.”

“வாரா வாரம் அஞ்சு ரெண்டு, அஞ்சு ரெண்டுனு சொன்னது யாரு?”

“நான்தான். ஆறின வண்டில பாத்தேன்பா. தப்பு என்னுது.”

“சனிக்கிழமை வரேன். வண்டிய எடுத்துட்டுப் போறேன்.” வைத்துவிட்டான்.

நான் கேட்ட விதத்தில், நான் விரும்பிய பதிலை பாய் சொல்லிவிட்டாரா? மீட்டருக்கு விருப்பு வெறுப்பு இல்லை. கண்ணாடி போட்டுத்தான் படித்தேன். இருந்தாலும் இன்னொரு தரம் படிக்க வேண்டும்.

வண்டி போனால் போனும் நிற்கும். அதற்காகவா தடுக்கிறேன்? இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

பிப். 4, புதன்

7.10. போன் இல்லை. 7.40 வரை பார்த்தேன். சார்ஜ் இருக்கிறது, சிக்னலும் இருக்கிறது.

பிப். 7, சனி

பாபு காலை 8.15. இளைத்திருக்கிறான். வந்ததும் சாவி கேட்டான். சட்டைப் பையில் இருந்தது. கொடுக்கவில்லை.

“அரை மணி நேரம் என்கூட வண்டில உக்காரு. அப்புறம் உன் இஷ்டம்.”

“பரிட்சையாப்பா?”

“ஆமா.”

அவன் ஓட்டினான். பைபாஸில் ஏறி அவலூர்ப்பேட்டை ரோடு வரை. நான் சொன்ன ஒரே வார்த்தை “மெதுவா”. அவனும் மெதுவாகத்தான் போனான். வீட்டு வாசலில் நிறுத்தி ஐடிலிங்கில் விட்டோம். அருகருகே இவ்வளவு நேரம் உட்கார்ந்தது அவன் அம்மா காரியத்துக்கு அப்புறம் இதுதான்.

சிவப்பு லைட் மினுக்கியது. தன் மீட்டரை விரலால் தட்டினான். 2.0. கண்ணாடியில் ஒட்டியதைக் குனிந்து பார்த்தான். 0.5. ஆஃப் செய்தான்.

“என்ஜினுக்கு நல்லதுன்னுதான்ப்பா கூலர் போட்டேன்.”

“கூலர் மேல தப்பில்ல. குழாய்தான். அப்புறம் நான்.”

உள்ளே வந்து நின்றுகொண்டே மூன்று இட்லி சாப்பிட்டான். சாவியை என் கையில் வைத்தான்.

“குழாய் மாத்தற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க.”

“புதன்கிழமை கூடவா?”

“கூடவே கூடாது.”

11.40 பெங்களூர் பஸ். நாளைக்கு ட்ராக் இல்லை.

பிப். 11, புதன்

காலை பனி இல்லை. மலை உச்சி வரை தெரிந்தது. ஏழு மணிக்கு வீட்டுக் கார் ஷெட்டைத் திறந்தேன், பழக்கம். ஸ்டார்ட் செய்யவில்லை. கூலர் இடுக்கில் இருந்த சருகை எடுத்துப் போட்டேன்.

7.10. போன்.

“அப்பா, எவ்ளோ?”

“நீதான ஸ்டார்ட் பண்ண வேணாம்னு சொன்ன?”

“ஆமால்ல.”

வைக்கவில்லை.