இரண்டு இடம் தள்ளி

மார்ச் 3
அக்கா மறுபடி அழுதாள். அவள் புருஷனும் இன்னும் பதினொரு பேரும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆலை மீது போட்ட வழக்கில், ஆலையின் பழைய பிளாப்பி டிஸ்குகள் கோர்ட்டுக்கு வந்திருக்கின்றன. "கம்ப்யூட்டர்ல அழிஞ்சதை எல்லாம் மீட்கறவன் நீதானே, கொஞ்சம் பாரேன்டா." அந்த மனுஷனுக்காகவா? இருமலைச் சாக்கு வைத்து இருபது வருஷமாக நாற்காலியைத் தேய்க்கிற ஆளுக்காகவா? அக்கா முகத்துக்காக ஒத்துக்கொண்டேன்.

மார்ச் 5
அக்கா தரப்பு வக்கீலம்மா பிளாப்பிகளின் நகலை அனுப்பினார். கூடவே ஆலைத் தரப்பு நிபுணரின் அறிக்கை. நான்கு பக்கம், மூன்று முத்திரை, ஒரே முடிவு: பூஞ்சை அரித்துவிட்டது, படிக்க இயலாது. திறந்து பார்த்தேன். பூஞ்சையாவது மண்ணாங்கட்டியாவது. எழுத்துகள் முழுசாக இருக்கின்றன, வரிசைதான் கலைந்திருக்கிறது. பாதிப் பெயர், நடுவில் யாருடையதோ பிறந்த தேதி, பிறகு வேறொரு பெயரின் வால். இவர் நிபுணராம்.

மார்ச் 6
அந்தக் காலத்து இயந்திரம் மந்தம். வட்டில் ஒரு செக்டரை, அதாவது ஒரு துண்டை, படித்து முடிப்பதற்குள் அடுத்தது சுழன்று தாண்டிவிடும். அதனால் தொடர்ச்சியை வேண்டுமென்றே தள்ளி எழுதினார்கள். இதுகூடத் தெரியாதவரா, தெரியாத மாதிரி இருக்கத்தான் அவரை வைத்தார்களா? ஓர் இடம் தள்ளிப் பொருத்தினேன். குப்பை.

மார்ச் 7
இரண்டு இடம் தள்ளி. சேர்ந்துவிட்டது. நிபுணருக்கு ஒரு கும்பிடு.

மார்ச் 8
ஆலை மருத்துவரின் பரிசோதனைப் பட்டியல், 1988. நாற்பத்தொன்றாம் வரியில் அக்கா புருஷன். வயது 26. இரண்டு நுரையீரலிலும் தூசு படிந்திருக்கிறது. எதிரே: "தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டாம். வேலையில் தொடரலாம்."

இருபத்தாறு — அந்த வருஷம்தான் என்னைக் காலேஜில் சேர்த்துவிட்டார். அதற்கப்புறம் பதினேழு வருஷம் அரவைப் பிரிவுக்குப் போனார். நடிக்கிறார்னு நான்தானே சொன்னேன்? அவர் காதுபடவே சொன்னேனே. அந்த நிபுணராவது நாலு பக்கம் எழுதினார். நான் ஒத்த வார்த்தையில முடிச்சிட்டேன்.

மார்ச் 10
வக்கீலம்மாவிடம் ஒப்படைத்தேன். "இது போதும் சார். இனி அவங்க பதில் சொல்லட்டும்" என்றார்.

மார்ச் 11
காலையில் அக்கா வீட்டுக்குப் போய்ப் பட்டியலில் இருந்ததை நானே சொன்னேன். அத்தான் கோபப்படவில்லை. "அப்பவே தெரியுமா அவங்களுக்கு" என்று மட்டும் கேட்டார். பிறகு, "மத்தவங்க பேரும் இருக்கா? படி" என்றார்.

படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஆள் எப்படி இருப்பான், எந்த மெஷினில் நின்றான் என்று சொன்னார். அவருக்கு இருமல் வந்தபோதெல்லாம் நிறுத்திக்கொண்டேன். நாற்பத்தொன்று வரை வர மத்தியானம் ஆகிவிட்டது.