சும்மா இருக்கும் முகம்

ஸ்ரீரங்கம்

அன்பு மகன் அரவிந்தனுக்கு அம்மா எழுதுவது. ரங்கநாதர் அருளால் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது. அங்கே நீயும் இளவேனிலும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுதவும். வாட்ஸப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். குடும்ப குரூப்பில் உன் மாமியாரும் இருக்கிறார், தனியாக அனுப்பினால் உன் போனை இளவேனில் எடுத்துப் பார்ப்பாள். இது உனக்கு மட்டும்.

துறையூர் சம்பந்தியம்மா கதை சொல்லும் வீடியோவைப் பார்த்தேன். நீ செய்து கொடுத்த கம்ப்யூட்டர் பொம்மையாமே. உன் மாமியார் அனுசுயா அம்மாள் கேமரா முன்னால் உட்கார்ந்து பேசப் பேச, திரையில் பொம்மையும் வாயசைக்கிறது, கண் சிமிட்டுகிறது. அதோடு விட்டாயா? மூச்சு விடுகிறது, தோள் மெல்ல ஏறி இறங்குகிறது, தலையைத் திருப்பினால் ஜிமிக்கி ஒரு நொடி பிந்தி ஆடி நிற்கிறது, மோவாய்க்குக் கீழே நிழல்கூட விழுகிறது. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது. முப்பது வருஷம் நர்சரி ஸ்கூலில் கதை சொன்னவள் நான். பொம்மையை வைத்துக் கதை சொல்லும் யோசனையே என்னுடையது. போன தீபாவளிக்கு உன்னிடம் கேட்டபோது, "உனக்கே வரும்மா, நீயே செஞ்சு பாரு" என்று ஒரு லிங்க் அனுப்பினாய். மாமியாருக்கு என்றால் ஜிமிக்கி ஆடுகிறது.

நானும் விடவில்லை, அந்த லிங்க்கைப் பார்த்து ஒரு பொம்மை செய்தேன். என் பொம்மையின் ஜிமிக்கியைத் தனியாக வெட்டி ஆடவிட்டேன், நிழலும் வைத்தேன். ஆனால் முகம் சரியாக வரவில்லை. கதையில் குருவி செத்துப்போகிற இடத்தில்கூடப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு தேர் பார்க்க வந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நான் கடுகடுவென்று இருந்தால்தான் அது சாதாரணமாகத் தெரிகிறது. அப்படியே ஒரு கதை முழுக்கச் சொன்னேன். காபி கொண்டுவந்த அப்பா, "யார் மேல இவ்வளவு கோபம்?" என்று கேட்டு, டம்ளரை வைத்த வேகத்தில் போய்விட்டார். மாடியில் குடியிருக்கும் தஸ்லிமா கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுப்பவள், அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "டீச்சர், மொதல்ல சும்மா இருக்கிற முகத்தக் காட்டி இந்தப் பட்டன அமுக்கணும். அதுலேருந்து உங்க முகம் எவ்வளவு மாறுதோ அதத்தான் பொம்மை செய்யும். நீங்க அமுக்குனப்ப முகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். சம்பந்தியம்மா வீடியோவை மூன்றாம் தடவை பார்த்து முடித்த கையோடு அழுத்திய பட்டன் அது. அந்த முகத்தைத்தான் என் சொந்த முகம் என்று கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கிறது. அதற்குப் பிறகும் நான்கு தடவை அழுத்திப் பார்த்துவிட்டேன். கேமரா முன்னால் உட்கார்ந்தாலே அந்த ஜிமிக்கி ஞாபகம் வருகிறது, முகம் இறுகிவிடுகிறது.

இளவேனிலை நன்றாகப் பார்த்துக்கொள், பாவம் அவள் என்ன செய்வாள். சனிக்கிழமை விடாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வா. ஒன்றும் சொல்லித்தர வேண்டாம், எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிரு, போதும். நான் அப்போது பட்டனை அழுத்திக்கொள்கிறேன். உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் என் முகம் சும்மா இருக்கும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
பானுமதி