அப்பா கொடுத்த காரில் அணையாத மஞ்சள் லைட்

சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் என்னை விட்டுப்போன ஷீபாக்கா,

உன் கார் நம் வீட்டுக்கு வந்துவிட்டது. ரெக்கவரி வண்டியின் மேல் கட்டி ஏற்றி, கருங்கல் சந்தை வழியாக, ஊரே பார்க்கக் கொண்டுவந்து இறக்கினார்கள். கல்யாணத்தன்று சர்ச் வாசலில் ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்தபோதும் ஊரே பார்த்தது. சீதனம் போவதையும் பார்க்கிறார்கள், திரும்பி வருவதையும் பார்க்கிறார்கள். நடுவில் அந்த வீட்டில் நீ எப்படி இருந்தாய் என்று எவராவது எட்டிப் பார்த்தார்களா?

இந்தக் கடிதத்தை எல்லாரும் படிக்கிற மாதிரிதான் போடுகிறேன். உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். நீ வெட்கப்பட்டு மூடி வைத்ததெல்லாம் போதும்.

உன்னை அடக்கம் செய்து ஒரு மாதம் கழித்து, சபை மண்டபத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். உனக்குப் பிள்ளை இல்லாததால் நகையும் காரும் நமக்குத் திரும்பும். பதிலுக்கு நாம் போலீஸ், கேஸ் என்று போகக்கூடாது. கோழி விற்றுத் திரும்ப வாங்குகிற மாதிரிதான் பேச்சு இருந்தது.

அப்போது உன் வீட்டுக்காரன் எழுந்தான். இனி அவனை அத்தான் என்று எழுத எனக்குக் கை வராது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோது அவன் காரை எடுக்கத்தான் போனானாம். ஸ்டார்ட் செய்தானாம். எஞ்சின் படம் போட்ட அந்த மஞ்சள் லைட் எரிந்ததாம், அணையவே இல்லையாம்.

"அதுவரைக்கும் எரியாத லைட்டு அன்னைக்குத்தான் எரிஞ்சுது. பாதி வழியில எஞ்சின் நின்னு போச்சுன்னா நான் என்ன செய்ய? அதான் ஆட்டோவுக்குச் சொன்னேன்."

மழையில் அருமனையிலிருந்து அந்த ஆட்டோ, ரப்பர் தோட்டத்து ஓரத்திலிருக்கும் உன் வீட்டுக்கு வந்து, உன்னை மார்த்தாண்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எல்லாம் முடிந்துவிட்டது. கரு இடம் மாறி வளர்ந்து உள்ளே வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று தொடங்கி, நம் அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மண்டபத்தில் உன் மாமியார் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். "அன்னையிலேருந்து அந்த வண்டிய நாங்க ஆரும் தொடல்ல. பாத்தாலே நெஞ்சு பதறுது." இந்த இரண்டு பேச்சையும் நினைவில் வைத்துக்கொள், அக்கா. அன்றைக்குத்தான் எரிந்தது என்றான் மகன். அதன்பிறகு தொடவே இல்லை என்றாள் தாய்.

பிறகு அப்பா எழுந்தார். இரண்டு கையையும் கூப்பினார். "ஒண்ணுக்கும் கொள்ளாத வண்டியக் குடுத்துப் போட்டேன். என்ன மன்னிச்சுக்கிடணும்" என்றார். மகளைக் கொடுத்தவர், மகளைக் குழியில் இறக்கியவர், அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். "செரி விடும், ஆளுவளுக்கு வாறதுதானே" என்று அவர்களும் பெரிய மனசு பண்ணி மன்னித்தார்கள். ஜெபம் நடந்தது. டீயும் பழம்பொரியும் கொடுத்தார்கள். நான் தின்றேன். பசித்தது.

அன்றிலிருந்து அப்பா அந்தக் காரைப் பார்ப்பதில்லை. தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு, மளிகைக் கடைக்குப் பின்வாசல் வழியாகப் போகிறார். சோற்றின் முன் உட்கார்ந்து, "அவிய கேட்ட பெரிய வண்டியக் குடுத்திருந்தா பிள்ள கிடைச்சிருப்பா" என்கிறார். சிறிய கார் கொடுத்ததால் நீ செத்தாய் என்று அவர் முழுக்க நம்புகிறார். எனக்கு அந்த நம்பிக்கையைத் தாங்க முடியவில்லை. கார் கொன்றதா, இல்லையா? அது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக அப்பா விடவில்லை. நான் படித்தது மெக்கானிக்கல் என்று உனக்குத் தெரியும். பார்ப்பது நாகர்கோவிலில் ஒரு கார் ஷோரூமில், "சார், உங்க வண்டிக்கு சர்வீஸ் டைம் ஆயாச்சு" என்று நாள் முழுக்கப் போனில் கெஞ்சும் வேலை. பெண்பிள்ளைக்கு கிரீஸ் எதற்கு என்று சொல்லி போனைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரு ஸ்கேனர் வாங்க எவன் அனுமதியும் வேண்டாம். தீப்பெட்டி அளவு கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் அதற்கென்றே ஒரு சாக்கெட் இருக்கிறது. செருகினால் எஞ்சினுக்கு என்ன கோளாறு என்பதைப் போனுக்கு அனுப்பும்.

ஒரு சனிக்கிழமை காலை தார்ப்பாயை இழுத்தேன். கதவைத் திறந்ததும் உன் தலையெண்ணெய் மணம். ஒரு நிமிஷம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். பேட்டரி இறங்கியிருந்தது, ஆனால் சாகவில்லை. எந்த எஞ்சின் நின்றுபோகும் என்று உன் வீட்டுக்காரன் பயந்தானோ, அது இரண்டாவது முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. குலுங்கவில்லை, திக்கவில்லை. லைட் எரிந்தது. விட்டுவிட்டு மின்னவில்லை, நிலையாக எரிந்தது. மின்னினால்தான் வண்டியை உடனே ஓரங்கட்ட வேண்டும். நிலையாக எரிந்தால், வேறு தொந்தரவு இல்லாதவரை, ஓட்டிக்கொண்டு போய் அப்புறம் காட்டலாம். வண்டியோடு கொடுத்த புத்தகத்திலேயே அது இருக்கிறது. அந்தப் புத்தகத்தின் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

ஸ்கேனர் காட்டியது ஒரே ஒரு கோளாறு. புகைக்குழாயில் ஒரு சென்சார் உண்டு. அது சீக்கிரம் சூடாவதற்கு ஒரு சின்ன ஹீட்டர். அந்த ஹீட்டருக்குக் கரண்ட் போகவில்லை. முதலில் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பிறகு பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்து வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். எஞ்சினுக்குப் பின்னால் எலி கடித்து வைத்திருந்தது. ரப்பர் தோட்டத்து எலி. அவ்வளவுதான், அக்கா. அதனால் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். மார்த்தாண்டத்துக்கு என்ன, மதுரைக்கே போய்த் திரும்பியிருக்கும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். போனில் இன்னும் கீழே தள்ளினேன். லைட் எரியத் தொடங்கிய பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று அந்தக் கம்ப்யூட்டர் தானாகவே கணக்கு வைக்கும். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் காட்டியது.

அன்றைக்குத்தான் எரிந்தது, அதன்பிறகு தொடவே இல்லை. அப்படியென்றால் அந்த அறுநூறு எங்கிருந்து வந்தது? லைட் எரிய எரியத்தான் சர்ச்சுக்குப் போனார்கள், கல்யாணங்களுக்குப் போனார்கள், திற்பரப்பு அருவிக்குக் குளிக்கப் போனார்கள். அதற்கெல்லாம் எஞ்சின் நின்றுபோகும் என்ற பயம் வரவில்லை. நீயும் முன்சீட்டில்தானே உட்கார்ந்திருந்தாய்? அந்த லைட் உன் கண்ணில் படவில்லையா? ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? அப்பா கொடுத்த வண்டியைக் குறை சொல்வார்கள் என்று மூடி வைத்தாயா? உன் மேலும் எனக்குக் கோபம்தான்.

அவனுக்குப் போன் செய்தேன். அறுநூறு என்று சொன்னதும் போனைத் தாயிடம் கொடுத்துவிட்டான்.

"ஏட்டி, செத்தவள வச்சி வம்பு வளக்க வந்தியா?"

"அன்னைக்கு வண்டிய ஏன் எடுக்கல்ல? அது மட்டும் சொல்லுங்க."

"மறுநாள் வண்டி பாக்க ஆளு வருவினும்னு சொல்லியிருந்தினும். அத மாத்தி பெரிசு எடுக்க இருந்தோம். ரெத்தமும் வாந்தியுமாக் கெடந்தவள அந்த சீட்டுல எப்பிடிக் கெடத்த? பின்ன எவன் வாங்குவான்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. போனை வைத்துவிட்டாள்.

அப்பாவிடம் சொன்னேன். வயரைக் காட்டினேன், போனைக் காட்டினேன். பானெட்டுக்குள் குனிந்து, எலி கடித்த இடத்தை விரலால் தடவினார்.

"அப்பம் எனக்க வண்டி ஓடியிருக்கும், இல்லியா மக்களே?"

"ஓடியிருக்கும்ப்பா."

முகம் ஒரு கணம் தெளிந்தது. அப்புறம்தான் மிச்சமும் புரிந்தது. வண்டி நல்லது என்றால் மனிதர்கள்தான் உன்னை விட்டுவிட்டார்கள். அவர்களிடம்தான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நான் அவருக்கு மருந்து கொடுப்பதாக நினைத்தேன்.

"அந்தக் கணக்க அழிச்சிரு" என்றார்.

"அழிச்சா பூஜ்யம் ஆயிரும்ப்பா. பின்ன நம்ம கையில ஒண்ணுமில்ல."

"ஒண்ணும் வேண்டாம். பேசித் தீத்தாச்சு. நாளைக்கு உனக்கு ஒரு ஆளு வரண்டாமா? கேசுக்காரி வீடுன்னு எவன் கேறி வருவான்?"

"வண்டிய மட்டும் கொண்டுபோவ வாற ஆளு எனக்கு வேண்டாம்."

அடிக்கக் கை ஓங்கினார். அடிக்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசவும் இல்லை.

இன்னொரு செய்தி. உனக்கு வருஷ நினைவு ஜெபம்கூட ஆகவில்லை, அவனுக்குப் பெண் பார்த்துவிட்டார்கள். தக்கலைப் பக்கம். நர்ஸ். போன ஞாயிறு நான் அங்கே போகக் கிளம்பினேன். சாவியை அப்பா எங்கோ ஒளித்துவிட்டார். அம்மா அதைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "பெட்ரோல் கெடக்கான்னு பாத்துக்க" என்றாள். நீ போன பிறகு அம்மா முழுசாகப் பேசிய பேச்சு அதுதான்.

லைட் எரிய எரியத் தக்கலை வரை உன் காரை ஓட்டினேன். பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார், முழுவதையும் கேட்டார். வாசலுக்கு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாக லைட்டையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நான் பெரிய மாடலு புக் பண்ணியாச்சு பிள்ளே. நீ ஷோரூம்லதான நிக்க. அதுல இந்த மாதிரி லைட்டு வராதில்லியா?"

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. அவர் சங்கடப்பட்டு உள்ளே போய்விட்டார்.

நான் வண்டியைத் திருப்பும்போது அந்தப் பெண் கேட்டைத் தாண்டி ஓடி வந்தாள். என் வயதுதான் இருக்கும். மூச்சு வாங்கியது.

"அவுங்களுக்கு வலி எப்பம் தொடங்கிச்சு?"

"என்ன?"

"ஒங்க அக்காவுக்கு. அந்த மாதிரி கேஸ் நாங்க வார்டுல பாத்திருக்கோம். காலையிலயே தொடங்கியிருக்கும். வலி எப்பம் தொடங்கிச்சு, ஆட்டோவுக்கு எப்பம் சொன்னினும்? மயங்கினது எப்பம்?"

எனக்குத் தெரியவில்லை, அக்கா. எலி கடித்த வயரின் நிறம் தெரியும், ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று தெரியும். உனக்கு எப்போது வலித்தது என்று தெரியாது. மண்டபத்தில் பெரியவர்கள் கேட்கவில்லை, அப்பா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லாரும் காரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். உன்னைப் பற்றி முதல் கேள்வி கேட்டவள், உன் கட்டிலில் படுக்கப் போகிறவள்.

"தெரியல்ல" என்றேன்.

"தெரிஞ்சிட்டு வாங்க. எனக்க அப்பாட்ட வேண்டாம், ஆஸ்பத்திரியில எனக்க வார்டுக்கு வாங்க" என்றாள். உள்ளிருந்து அழைத்தார்கள். போய்விட்டாள்.

நாளை அருமனைக்குப் போகிறேன். அந்த ஆட்டோக்காரரைப் பார்ப்பேன். உன் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்ப்பேன், அவள் கதவைச் சாத்தினால் திறக்கும்வரை நிற்பேன். டாக்டர் அன்று முடிக்காத வாக்கியத்தை முடிக்கச் சொல்வேன். அந்த நாள் காலையிலிருந்து மாலை வரை உன் வலி எப்படி வளர்ந்ததென்று முழுவதும் தெரிந்துகொண்டு முதலில் அவளிடம் சொல்வேன், பிறகு ஸ்டேஷனில் சொல்வேன். அப்பா தடுத்தாலும் சொல்வேன். இனி எங்கே போனாலும் முதலில் உன்னைப் பற்றித்தான் கேட்பேன். சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
ஜினி