கீழே இருந்த தாள்

ஆவடி,
3-6-1968

அன்புள்ள நாகவல்லி அக்காவுக்கு,

நலம். தலைவலிக்கு மாத்திரை சாப்பிடு, கஷாயத்தை நம்பாதே. மச்சான் வேலை பார்த்த கம்பெனி கேண்டீனில் உனக்கு வேலை கேட்டு மனு தயார் செய்துவிட்டேன். இரண்டு தாள். மேலே மனு, கீழே அதன் நகல். இரண்டும் இங்கிலீஷ், எழுத்துக்கூட்டிக்கொண்டு உட்காராதே. பென்சிலில் டிக் போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு.

மச்சானைக் குத்திய கன்னியப்பனுக்குத் தூக்கு உறுதியானது நிம்மதி, இனி எவனும் கத்தியெடுக்கப் பயப்படுவான் என்று எழுதியிருக்கிறாய். தப்பு. திருவிதாங்கூரில் சில வருஷம் தூக்கையே எடுத்துவிட்டார்கள். கொலை ஏறவில்லை. கணக்கு இருக்கிறது, வரும்போது காட்டுகிறேன்.

உன் தம்பி,
தங்கவேல்

நசரத்பேட்டை,
14-9-1968

தம்பி தங்கவேலுக்கு,

வேலை உத்தரவு வரும் என்று தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று வந்தது கன்னியப்பனின் அம்மா பொன்னியம்மா. வாசலிலேயே என் காலில் விழுந்தாள். “உன் கையெழுத்தாலதாம்மா என் புள்ள உசுரோட கீறான். தூக்க ஆயுளா மாத்திட்டாங்க. உன் தம்பிதான் மனு எழுதிக் குட்த்துச்சு” என்றாள். நான் அவளைத் தூக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

கீழே இருந்த தாள் என்னப்பா?

அக்கா

ஆவடி,
17-9-1968

அக்கா,

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. கீழே இருந்தது நகல் இல்லை, கருணை மனு. செத்தவன் பெண்டாட்டியே தூக்கு வேண்டாம் என்றால் கவர்னர் யோசிப்பார் என்றார் கன்னியப்பனின் வக்கீல். கேட்டிருந்தால் நீ கையெழுத்துப் போட்டிருக்கமாட்டாய். தூக்குக்கு நாளும் அதிகம் இல்லை. வேலை மனு நிஜம், அதையும் கொடுத்தேன்.

நான் தொழிற்சாலையில் மீட்டர் சோதிக்கிறவன். திருகைத் திருப்பியும் முள் அசையவில்லை என்றால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. தூக்கும் அப்படித்தான். குழாயடிச் சண்டையில் கத்தியெடுத்தவன் தூக்குமேடையை நினைத்துப் பார்த்தா எடுத்தான்? அவனைத் தொங்கவிட்டால் இன்னொருத்தி புருஷன் பிழைப்பான் என்று யாராவது காட்டட்டும், நானே கயிற்றைப் பிடிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பேசிக்கொள்ளலாம்.

தங்கவேல்

நசரத்பேட்டை,
20-9-1968

திரு. தங்கவேல் அவர்களுக்கு,

உங்கள் கணக்கு சரியாகவே இருக்கட்டும். பொன்னியம்மா அழுதபோது, கேட்டிருந்தால் நானே போட்டிருப்பேனோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இனி அது எனக்குத் தெரியப்போவதில்லை.

அவர் போன பதினாறாம் நாள், பிறந்த வீட்டுக் கோடி என்று நீங்கள் என் தோளில் போட்ட புடவை பார்சலில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம்.

கேண்டீன் வேலை உத்தரவு நேற்று ரிஜிஸ்தர் தபாலில் வந்தது. வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டார் தபால்காரர். அந்தச் சீட்டில் இருந்ததை முழுக்கப் படித்துக் காட்டச் சொன்னேன். சிரித்தார். இரண்டாம் தடவையும் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் போட்டேன்.

இப்படிக்கு,
லட்சுமணன் மனைவி நாகவல்லி