அறுபது காட்டிய முள்

மயிலாப்பூர்
26-6-1934

சௌபாக்கியவதி பெருந்தேவிக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லாம் க்ஷேமம். அங்கே நீ மோட்டார் வண்டி ஓட்டுவதுதான் எனக்குப் பெரிய கவலை.

பாச்சா சித்தப்பா எழுதியிருக்கிறார். டாக்டர் வீட்டில் கொண்டுவிடச் சொல்லி உன் பக்கத்தில் உட்கார்ந்தாராம். கடைத்தெருவில் வேகம் காட்டும் முள் நாற்பதில் நின்றதாம். நாற்பது மைல்! வரதா, வரதா என்பதைத் தவிர அவர் வாயில் வேறொன்றும் வரவில்லையாம். உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான். அதற்காக என் சித்தப்பாவை வைகுண்டத்துக்கு அனுப்பச் சொல்லவில்லை.

நான் அறுபதில் போவேன் என்றால் அது ஆண்பிள்ளையின் கைப்பழக்கம். உனக்கு எதற்கு? மருத்துவச்சி மணியம்மாளை ஏற்றிக்கொண்டு தாமல், ஐயம்பேட்டை என்று அலைந்தது போதும். வண்டியை விற்றுவிடப் போகிறேன்.

சக்ரவர்த்தி

சின்னக் காஞ்சிபுரம்
2-7-1934

தெண்டன் சமர்ப்பித்து எழுதுவது. உங்கள் கோபம் பத்திரமாக வந்து சேர்ந்தது. நான், வண்டி, சித்தப்பா மூவரும் சௌக்கியம். சித்தப்பா நேற்று இரண்டு முறை புளியோதரை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நாற்பது மைலில் போனேன் என்பதை நான் நம்பவில்லை. முந்தாநாள் தாமல் சாலையில் முள்ளை நாற்பதிலேயே நிறுத்தி, உங்கள் கடிகாரத்தை மணியம்மாள் கையில் கொடுத்தேன். ஒன்றரை நிமிஷத்தில் வர வேண்டிய மைல்கல்லைக் காணோம். "இன்னாமா, கல்லைப் புடுங்கிக்கினு பூட்டானுங்களா?" என்றாள் அவள். கிட்டத்தட்ட இரண்டரை நிமிஷம் கழித்துத்தான் கல் வந்தது.

முள்ளுக்குக் கீழே பிரெஞ்சில் ஏதோ எழுதியிருக்கிறதே, நினைவிருக்கிறதா? என் அப்பா புதுச்சேரியில் வண்டி வாங்கியபோது, "மைலைப் பிரெஞ்சுக்காரன் அப்படித்தான் எழுதுவான்" என்று எல்லோருக்கும் விளக்கம் சொன்னீர்கள். பெட்ரோல் கடை அந்தோணி புதுச்சேரியில் படித்தவர். அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். அது மைல் இல்லை, கிலோமீட்டராம். மைலில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். நான் போனது இருபத்தைந்து மைல்.

கண்ணாடியைக் கழற்றி, மைல் கணக்குப் போட்டு, தமிழ் எண்ணில் நானே புதுத் தாள் எழுதி ஒட்டிவிட்டேன். அறுபது இருந்த இடத்தில் இப்போது ௩௭, அதாவது முப்பத்தேழு இருக்கிறது.

வண்டி அப்பா எனக்குச் சீராகக் கொடுத்தது. ரிஜிஸ்தர்தான் உங்கள் பேரில். அது போனால், தாமலில் வலி கண்டவளிடம் மணியம்மாள் மாட்டுவண்டியில் போய்ச் சேர வேண்டும். எனக்கு அடுக்களையை விட்டால் கோயில், கோயிலை விட்டால் அடுக்களை. அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

பெருந்தேவி

மயிலாப்பூர்
5-7-1934

பெருந்தேவிக்கு,

அந்தத் தாளை உடனே கிழித்துவிடு. கிலோமீட்டர் விஷயத்தை அந்தோணியும் நீயும் உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கிளப்பில் என் வண்டி அறுபது மைல் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்டுத்தான் வக்கீல் குமாரசாமி முதலியார் வாங்க ஆசைப்படுகிறார். ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்க வருகிறார். முள் பழையபடி இருக்கட்டும். நீ காபி கொடுத்தால் போதும், பேச வேண்டாம்.

சக்ரவர்த்தி

சின்னக் காஞ்சிபுரம்
9-7-1934

தெண்டன்.

நேற்று முதலியார் வந்தார். காபி கொடுத்தேன். பேசவும் பேசினேன்.

தாளை நான் கிழிக்கவில்லை. என்னை அடக்க நாற்பது மைல், கிளப்பில் உங்கள் பெருமைக்கு அறுபது மைல் என்றால், அந்தப் பொய் முள்ளுக்கு நான் ஏன் காவல் இருக்க வேண்டும்? கோபமாகத்தான் எழுதுகிறேன்.

"சக்ரவர்த்தி அறுபதுன்னாரேம்மா?" என்று முதலியார் முள்ளைக் குனிந்து பார்த்தார். "ஏறுங்கள்" என்றேன். ஊருக்கு வெளியே மேடுபள்ளமில்லாத, ஆளில்லாத நீளச் சாலையில் முழுசாக மிதித்தேன். வண்டி முக்கி முனகி முப்பத்தேழில் நின்றுவிட்டது. அவர் நம்பாமல் தன் கடிகாரத்தையே எடுத்து மைல்கல்லோடு ஒத்துப் பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இந்த வேகத்துக்கு என் பழைய வண்டியே போதும்மா. ஆனா இதைக் கிளப்புல சொல்லாம என்னால இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

வேறு ஆளை அனுப்பினாலும் அவருக்கும் இதே காபி, இதே சாலைதான்.

சனிக்கிழமை நீங்கள் வருவதானால் இரண்டு வழி இருக்கிறது. ஸ்டேஷனுக்கு ஜட்கா அனுப்பச் சொல்கிறேன். இல்லாவிட்டால் நான் வருகிறேன். நான் வந்தால் நீங்கள் என் பக்கத்தில் உட்கார வேண்டும், ஓட்டுவது நான். குறுக்கு வழியில் வர மாட்டேன். சன்னதித் தெரு வழியாக, சித்தப்பாவும் அவர் சிநேகிதர்களும் பார்க்கும்படிதான் வீட்டுக்கு வருவேன். எது வேண்டும் என்று எழுதுங்கள்.

பெருந்தேவி

மயிலாப்பூர்
12-7-1934

பெருந்தேவிக்கு,

குமாரசாமி வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார். கிளப்பில் என்னை முப்பத்தேழு என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சனிக்கிழமை சாயங்கால ரயில். ஜட்கா வேண்டாம்.

சக்ரவர்த்தி