நாளே பா

அருமை அக்கா,

அப்பாவிடம் கோபித்துக்கொண்டு நீயும் மாமாவும் வைட்ஃபீல்டுக்குப் போனதிலிருந்து உங்கள் மாடி வீடு காலி. மார்கழிக் குளிரில் சுவர் பூஞ்சை பிடிக்காமலிருக்க, தினமும் ஜன்னலைத் திறந்து வெயில் காட்டுகிறேன்.

அப்பா சொல்லி, புரோக்கர் வாடகைக்கு ஆள் கூட்டிவர ஆரம்பித்தார். உடனே கதவில் சாக்பீஸால் 'நாளே பா' என்று கன்னடத்தில் எழுதிவிட்டேன். 'நாளைக்கு வா' என்று படித்துவிட்டுப் பேய் திரும்பிப் போய்விடுமாம்.

"ஏன்டா, உள்ள பேய் இருக்குதா?" என்றார் புரோக்கர்.

"பேய் இல்லண்ணா, பேயிங் கெஸ்ட்!"

வந்தவர்கள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்கள்.

நேற்றுப் பனியில் எழுத்து அழிந்துபோயிற்று. இன்று காலையில் பார்த்தால், அதே இடத்தில் முத்து முத்தாக 'நாளே பா'. என் கோழிக் கிறுக்கல் இல்லை. அப்பாவின் லுங்கி முழுக்க சாக்பீஸ் தூள்.

அது பேய்களுக்கு எழுதியது. நீ இன்றைக்கே வா.

இப்படிக்கு,
உன் வீட்டில் வாடகை தராத பேய்