குத்துவிளக்கைத் திருப்பி அனுப்பிய மதியம்

அக்கா,

இப்படி எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நீங்கள் இருந்தபோது உங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பக்கூடத் தயங்கியவள் நான். இப்போது பதில் வராது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இன்று காலை வீட்டுக்கு ஒரு பை வந்தது. உள்ளே பட்டுப்புடவை, மேலே மைசூர்பாகு டப்பா. நெய் வாசனை அறையில் பரவியது. யார் கொடுத்தது என்று அம்மாவைக் கேட்டேன்.

"பேர் சொல்லலடி. கோர்ட்டுக்குப் போற பொண்ணுக்குன்னு மட்டும் சொன்னாங்க."

வியாழக்கிழமை, உங்கள் கொலை வழக்கில் நான் சாட்சி சொல்ல வேண்டும். அது அவர்களுக்குத் தெரியும்.

அந்த வாசனை உங்கள் ஆபீஸ் வாசனை. மயிலாப்பூர் மாடவீதிக்குப் பின்னால், பாய் டீக்கடையை ஒட்டி, நீங்கள் கவுன்சிலராக உட்கார்ந்திருந்த சின்ன அறை. எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரியை வாங்கிக்கொண்டு, வாய் திறக்கத் தெரியாமல், மனு எழுதும் வேலைக்கு அங்கே வந்து சேர்ந்தேன். வாசலில் ஒரு கரும்பலகை. உங்களுக்கு யார் எது கொடுத்தாலும், நீங்கள் எங்கே எதைச் சாப்பிட்டாலும், விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அதில் ஏறிவிட வேண்டும்.

"ஆபீசருங்களுக்கு ரூல் கீது, வாங்குனா சொல்லணும்னு. நம்மள எவன் கேக்கறான்? நம்மளே போட்டுக்கலாம்" என்றீர்கள்.

நீங்கள் ஒன்றும் துறவி இல்லை. "மைசூர்பாகு, ஜவுளிக்கடைக்காரர் கொடுத்தது. சாப்பிட்டாச்சு. நல்லா இருந்தது" என்று எழுதச் சொல்வீர்கள். 'பாய் டீ, காசு வாங்கவில்லை' என்று எழுதினால் பாய் சண்டைக்கு வருவார். "ஒரு டீக்குப் போய் என்னை போர்டுல ஏத்துறியேமா, நான் இன்னா கான்ட்ராக்டரா?"

உண்மையான கான்ட்ராக்டரும் வந்தார். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தை மூடாமல் விட்டவர். அதில் விழுந்த ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் தொடையில் கம்பி ஏறியது. அவளை நீங்கள்தான் ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போனீர்கள். அவருடைய பில்லை நிறுத்தச் சொல்லி மண்டல ஆபீசில் மேஜையைத் தட்டினீர்கள். அவர் பழக்கூடை அனுப்பினார். பலகையில் ஏறியது. மறுநாள் காலை நான் வந்தபோது ஜன்னல் கண்ணாடி இல்லை. மேஜை மேல் செங்கல் கிடந்தது. கன்னத்தில் கண்ணாடிக் கீறலோடு சிரித்தீர்கள்.

"செங்கல் ஒன்னு. அனுப்பினவர் பேர் தெரியல. அதையும் எழுதுடி."

பிறகு உங்கள் மகளின் காதுகுத்து. மொய் வாசிக்க என்னை மைக் முன்னால் பிடித்து உட்கார வைத்தீர்கள். தன் பேரை இன்னொரு தரம் படிக்கச் சொல்லி ஆளாளுக்கு நச்சரித்துக்கொண்டிருந்தபோது, கான்ட்ராக்டரின் ஆள் ஒரு வெள்ளிக் குத்துவிளக்கை மேஜைக்கு அடியில் தள்ளினான். "பேர் படிக்காதமா. இது நம்மளுக்குள்ள." மொய்யில் தன் பேரைப் படிக்க வேண்டாம் என்ற மனிதனை அன்றுதான் பார்த்தேன். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டேன். நீங்கள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றீர்கள்.

"சத்தமாப் படிடி. திருப்பி அனுப்புறோம்னும் சொல்லு. பந்தியில கடைசி இலைக்கும் கேக்கணும்."

கான்ட்ராக்டர் பேரைப் படித்தேன். வெள்ளிக் குத்துவிளக்கு என்றேன். கவுன்சிலர் திருப்பி அனுப்புகிறார் என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், பரிமாறுகிறவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பலகையைக்கூடக் கான்ட்ராக்டரின் ஆட்கள் பொறுத்திருப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பொறுக்கவில்லை.

அடுத்த வாரமே வந்தார்கள், பட்டப்பகலில், மூன்று பேர். முதலில் கரும்பலகையைக் கம்பியால் பிளந்தார்கள். குறுக்கே வந்த பாயின் மேல் கொதிக்கிற பாலைக் கவிழ்த்தார்கள். அவர் கால் தோல் உரிந்து தொங்கியது. அதே ஆள் அதே விளக்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"திருப்பி அனுப்புனியே, இந்தா, வாங்கிக்கோ."

அடிப்பாகத்தால் நெற்றியில் அடித்தான். நீங்கள் விழவில்லை. அவன் கையைக் கடித்தீர்கள், சதை பிய்ந்து வந்தது. அடுத்த அடி காதுக்கு மேலே. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன் அக்கா. நான் அவன் காலைக் கட்டிக்கொண்டேன். செருப்புக் காலால் என் வலது கையை மிதித்துத் தேய்த்தான். எலும்பு நொறுங்கியது. விடவில்லை. உங்கள் ரத்தம் என் தலைமுடிக்குள் சூடாக இறங்கிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து அவன் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தவள் நான் மட்டும்தான்.

உங்களை எடுக்கிற நேரத்தில், எல்லாவற்றையும்விடப் பெரிய ரோஜா மாலை கான்ட்ராக்டர் பேரில் வந்தது. பாய் கட்டுப்போட்ட காலோடு நொண்டிக்கொண்டு வந்து, அதைப் பிடித்து இழுத்து, நார் நாராகக் கிழித்து, இன்னும் மூடாத அந்த வடிகாலில் எறிந்தார். "இத்த எழுதிக்கோமா" என்றார் என்னிடம். எழுதக் கை இல்லை.

இப்போதும் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. ஆனாலும் சாக்பீஸ் பிடிக்க வருகிறது. இன்று அந்தப் பையை எடுத்தபோது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "சரியா ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டு வந்துடு. கைய ஒடச்சவனுங்க கழுத்த விடுவானுங்களா? எனக்கு நீ ஒருத்திதான்டி." அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. பிடியை விடுவித்துக்கொள்ள வெகுநேரம் ஆனது.

எங்கள் ஹவுசிங் போர்டு குழாயடிச் சுவரில் எழுதினேன். 'பட்டுப்புடவை, மைசூர்பாகு. சாட்சிக்கு வந்தது. கொடுத்தவர் பேர் சொல்லவில்லை.' தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தை இறக்கிவிட்டுப் படித்தார்கள். ஒரு அக்கா மட்டும், "மைசூர்பாகாவது தின்னியா?" என்று கேட்டாள். நீங்கள் கேட்டது போலவே இருந்தது. பையை நாளை அரசு வக்கீலிடம் கொடுத்துவிடுவேன்.

எழுதுவது எனக்கு எப்போதும் வரும். சொல்வதுதான் வராது. கையில் உங்கள் பல் தழும்போடு அவன் எதிரில் நிற்பான்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது, அதனால்தான் கடைசிவரை தள்ளிப்போட்டேன். வியாழக்கிழமை நான் கூண்டில் ஏறும்போது எனக்குப் பின்னால் வந்து நில்லுங்கள் அக்கா. வேறெதுவும் செய்ய வேண்டாம். கடைசி இலைக்கும் கேட்க வேண்டும் என்று ஒருமுறை சொல்லுங்கள், போதும்.